ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் எல்லாம் உண்மையிலேயே லாபம்தானா?

சில சமயம் லாபம்தான். ஆனால் போர்டில் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. 60 சதவீதம் தள்ளுபடி என்றால் எதிலிருந்து 60 என்பதுதான் என் முதல் கேள்வி, அதற்குக் கடையில் யாரும் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பெட்டியில் அடைத்து விற்கும் பொருளுக்கு எம்ஆர்பி அச்சிட வேண்டும், அதற்கு மேல் விற்கக் கூடாது, சட்டம் கேட்பது அவ்வளவுதான். அந்த எம்ஆர்பியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது, மருந்து மாதிரி சிலவற்றைத் தவிர, கம்பெனியின் இஷ்டம். ஓர் இண்டக்‌ஷன் அடுப்பை வருஷம் முழுக்க 1,500 ரூபாய்க்கு விற்றுக்கொண்டு பெட்டியில் மட்டும் 3,495 என்று அடித்துவிட்டால் போதும், சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் அது 57 சதவீதத் தள்ளுபடிதான். ஐரோப்பிய யூனியனில் 2022 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது: விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாளில் தானே விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். இங்கே அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். வாங்க நினைக்கும் பொருளின் விலையை ஒரு மாதம் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுவேன். அமேசான் என்றால் கீப்பா என்ற இணையதளத்தில் பழைய விலையெல்லாம் வரைபடமாகவே கிடைக்கிறது.

ஆடி கொஞ்சம் வேறு கதை. கல்யாணம் காட்சி இல்லாத மாதம், கடையில் கூட்டம் குறையும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழசைத் தள்ளியாக வேண்டும். அதனால் ஆடித் தள்ளுபடிக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. துண்டு, வேட்டி, பெட்ஷீட், நைட்டி இதெல்லாம் ஆடியில் தாராளமாக வாங்கலாம் என்பது என் கட்சி. பட்டுப் புடவையில் நான் அவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன், அதன் சரியான விலை எனக்கோ உங்களுக்கோ தெரியாது. ஒரு தடவை விலைச் சீட்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் லேசாகக் கிளப்பிப் பார்த்தேன், அடியில் இருந்த விலை மேலே இருந்ததைவிடக் குறைவு! பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே 'அது பழைய லாட் அக்கா' என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்.

அப்புறம் இந்த நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லி விற்பது. வட்டியே இல்லாமல் பேங்க் யாருக்கும் பணம் தராது. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் கழித்துக் காட்டிவிட்டு, அதை மாதா மாதம் வட்டியாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும், அதற்கும் ஜிஎஸ்டி. வட்டி 1,000 ரூபாய், கட்டணம் 199 என்று வையுங்கள்: வட்டி மேல் வரி 180, கூடக் கட்டணம் 199, அதன் வரி 36, மொத்தம் 415 ரூபாய் கையை விட்டுப் போகிறது. முழுப் பணமும் கொடுத்தால் ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

2025 தீபாவளிக்கு ஏசி விலை இறங்கியதே, அதிலும் ஒரு பங்கு கடைக்காரர் கொடுத்ததில்லை. செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது, அதாவது வரியோடு 128 ரூபாயாக இருந்த பொருள் தானாகவே 118.

ஆன்லைனில் 'இன்னும் 7 நிமிடம்தான்' என்று ஓடும் கடிகாரம் பொய்யாக இருந்தால் அது 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்ட தந்திரம். நான் பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் போய்ப் பார்ப்பேன், பெரும்பாலும் அதே விலையில்தான் இருக்கும்.

பில்லையும் வாசலுக்கு வருவதற்குள் பார்த்துவிடுங்கள். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், தள்ளுபடி கொடுத்துவிட்டு மேலே தனியாக வரி போட்டால் கேளுங்கள். 2017-லேயே தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் செய்வது முறையற்ற வணிகம் என்று சொல்லிவிட்டது. மேனேஜர் மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.