ஊசலில் 9.8 வரவில்லை: அளவைத் திருத்தி எழுதலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் தனி ஊசல் சோதனையை வீட்டில் செய்து பார்த்தாள். நூலின் நீளத்தை 50, 80, 100 செ.மீ. என வைத்து 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்தபோது முறையே 28.8, 36.2, 40.4 விநாடிகள் கிடைத்தன. கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.52, 9.64, 9.68 என்று வருகிறது. நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, புத்தகத்தில் உள்ள 9.8 வரவழைத்து ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடு என்கிறார்களாம் உடன் படிப்பவர்கள். என்ன செய்யலாம்?

பதில்: நேரத்தில் கை வைக்க வேண்டாம். உங்கள் மகள் நேரத்தை நன்றாகவே அளந்திருக்கிறார். கோளாறு இருப்பது நீளத்தில். அதையும் அவருடைய எண்களே சொல்லிவிடுகின்றன.

மூன்று விடைகளும் 9.8-க்குக் கீழேயே இருக்கின்றன. நூல் நீள நீள விடையும் 9.8-ஐ நெருங்கி வருகிறது. கை தடுமாறியோ கண் பிசகியோ நேர்ந்த பிழை என்றால் விடைகள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அது முறையான பிழை, அதாவது ஒவ்வொரு அளவிலும் ஒரே திசையில் நேரும் பிழை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீளம் விடுபட்டிருக்க வேண்டும், 50 செ.மீ.யில் பெரிதாகத் தெரியும் அந்தக் குறை 100 செ.மீ.யில் பாதியாகத்தான் தெரியும்.

விடுபட்டது எது? ஊசலின் நீளம் என்பது நூலைத் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவு. நூலை மட்டும் அளந்தால் குண்டின் கொக்கியும் ஆரமும் கணக்கில் வராமல் போகும். குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்து (முதலில் தாடைகளை மூடி, அளவு சுழியைக் காட்டுகிறதா, அதாவது சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு) பாதியாக்கி, அதனுடன் கொக்கியின் உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பள்ளிகளில் புழங்கும் 2 செ.மீ. விட்டமுள்ள குண்டு என்றால் ஆரம் 1 செ.மீ., கொக்கி 0.6 செ.மீ. அளவில் இருக்கும், ஆக 1.6 செ.மீ. இதைச் சேர்த்து, பையின் (π) இருமடியை நான்கால் பெருக்கினால் வரும் 39.48-ஐ மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் (ஓர் அலைவுக்கான நேரத்தின்) இருமடியால் வகுத்தால், அதே 28.8, 36.2, 40.4 விநாடிகளுக்கு 9.82, 9.83, 9.83 கிடைக்கின்றன.

குண்டு கையில் இல்லாவிட்டாலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அளந்த நூலின் நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் இருமடியைக் குத்து அச்சிலும் குறித்து வரைபடம் போட்டால் மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. ஆனால் அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் கிடை அச்சை அதற்கு இடப்பக்கம் ஏறத்தாழ 1.7 செ.மீ. தள்ளி வெட்டுகிறது. விடுபட்ட நீளம் அதுதான். கோட்டின் சாய்வோ அந்தப் பிழையால் மாறாது, 39.48-ஐச் சாய்வால் வகுத்தால் 9.84 வருகிறது. வரைபடத்தை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைக்கும் மாணவர்களுக்கு இதைக் காட்டுவது என் வழக்கம்.

வரைபடத்தாலும் காப்பாற்ற முடியாத பிழை ஒன்று உண்டு. கடிகாரத்தை ஓடவிடும் கணத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், இருபது சொல்லும்போது முடிந்திருப்பவை 19 அலைவுகள்தாம். விடை எல்லா நீளத்துக்கும் 10.9-ஐ ஒட்டி வரும். ‘மூன்று, இரண்டு, ஒன்று, சுழி’ என்று எண்ணிச் சுழியில் கடிகாரத்தை அழுத்துவதே பாதுகாப்பு. அழுத்தவேண்டிய இடம் குண்டு ஒரு கணம் தயங்கி நிற்கும் ஓரம் அன்று, விரைவாகக் கடக்கும் நடுப்புள்ளி. பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்கு எளிது. கை பிந்துவதால் 0.2 விநாடி பிசகினால்கூட, 28.8 விநாடியில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்திருந்தால் அதே பிசகு நூற்றுக்குப் பதினான்காகிவிடும். இருபது அலைவுகள் கேட்பது இதற்காகத்தான்.

அமைப்பிலும் கவனம் வேண்டும். நூலை ஆணியில் சுற்றிக் கட்டினால் ஊசல் ஆடும்போது தொங்கு புள்ளி நகரும். இரண்டாகப் பிளந்த தக்கையின் நடுவில் நூலை வைத்து இறுக்கினால் நகராது. தக்கை கிடைக்காவிட்டால் இரண்டு மர அளவுகோல்களுக்கு நடுவே நூலைக் கவ்வவிட்டு மேசை விளிம்பில் பாரம் வைத்து நிறுத்தலாம். குண்டைத் தொங்கவிட்ட பிறகே நீளத்தை அளக்க வேண்டும், ஏனெனில் நூல் இழுபடும். வீச்சு 10 பாகைக்குள் இருக்கட்டும். 1 மீட்டர் ஊசலுக்கு அது பக்கவாட்டில் சுமார் 17 செ.மீ. வீச்சு 30 பாகையானால் அலைவு நேரமே 1.7 விழுக்காடு கூடிவிடும்.

புத்தகத்து 9.8-ம் எல்லா ஊருக்கும் அச்சு அசலாகப் பொருந்துவதில்லை. தமிழ்நாட்டின் சமவெளியில் மதிப்பு ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83. இது தெரியவந்ததும் பொருந்தாத ஓர் அளவால்தான். 1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள கயேன் ஊருக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டு, அதைச் சரிக்கட்ட ஊசலை எவ்வளவு குறுக்க வேண்டியிருந்தது என்பதையும் பதிவு செய்தார். பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதிட்ட நியூட்டனுக்கு அந்த அளவு சான்றாயிற்று.

ஆகவே ரெக்கார்டு நோட்டில் நேரங்கள் அளந்தபடியே இருக்கட்டும். நூலின் நீளம், கொக்கி, ஆரம் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். முடிவைக் கால்குலேட்டர் காட்டும் 9.8362 என்றெல்லாம் நீட்டாமல், இந்தக் கருவிகள் தாங்கக்கூடிய முக்கிய எண்ணுருக்களோடு, 9.8 ± 0.2 மீ/வி² என்று எழுதினால் போதும். முதலில் வந்த 9.52-ஐ அடிக்க வேண்டாம். அதன் கீழே ‘நூலின் நீளம் மட்டும் எடுத்தபோது’ என்று ஒரு வரி சேர்த்தால், தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கும்.