அரிய சோல் இசைத்தட்டு அசலா, போலியா? விலையை எப்படிக் கணிப்பது?

லிவர்பூலில் வீட்டைக் காலி செய்த நண்பர் ஒரு பெட்டி நிறைய அறுபதுகளின் அமெரிக்க சோல் (அங்குள்ள கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார், எல்லாம் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு அங்குலத் தட்டுகள், எது அசல், எது போலி, என்ன விலைக்குப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தட்டின் நடுவில் இருக்கும் வட்டத் தாளான லேபிளிலிருந்து கண்ணை எடுங்கள். பாட்டு முடிந்ததும் ஊசி நடுப்பக்கம் சறுக்கிப் போகும் இடத்தில் ஒரு மொட்டை வளையம் இருக்கும். அங்கே சின்னதாகச் சில எண்களும் எழுத்துகளும் பதிந்திருக்கும். அந்த வளையத்தை ரன்-அவுட் என்பார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் மேட்ரிக்ஸ் எண். மேசை விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தட்டைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். லேபிளைப் போட்டோ எடுத்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த வளையத்தில் இருக்கும் முத்திரையை அப்படியே கொண்டுவருவது கஷ்டம். எழுபதுகளில் போலி அடித்தவர்கள் பெரும்பாலும் அதற்கு மெனக்கெடவே இல்லை.

நான் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பதினேழு வயதில் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து விகன் கேசினோ என்ற நடன அரங்குக்குப் போய், விடியும்வரை ஆடிவிட்டு வந்தவர். அவர் வீட்டு மாடி அறையில் தட்டுகள் ஷூ பெட்டிகளில் லேபிள் வாரியாக, அதாவது வெளியிட்ட கம்பெனி வாரியாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு உறையின் மூலையிலும் பென்சிலால் ரன்-அவுட் எண்ணை எழுதி வைத்திருப்பார்.

போலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைப் பிடிப்பது சுலபம். 1965, 66 வாக்கில் டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்களில் சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனிகள் ஏகப்பட்டவை இருந்தன. ஐநூறோ ஆயிரமோ தட்டு அச்சடிப்பார்கள், ரேடியோக்காரர்களுக்கு இலவசப் பிரதி அனுப்புவார்கள், பாட்டு எடுபடவில்லை என்றால் அதோடு சரி. அப்படிக் கவனிப்பாரில்லாமல் போன பாட்டுகளைத்தான் சில வருடம் கழித்து வட இங்கிலாந்துப் பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கத்து டன்ஸ்டலில் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ, இவைதான் அவர்கள் ஆடிய அரங்குகள். லண்டனில் சோல் சிட்டி என்ற கடை வைத்திருந்த டேவ் காடின், கால்பந்து பார்க்க வடக்கேயிருந்து வரும் பையன்கள் கேட்கிற வேகமான பாட்டுகளைக் கடைக்காரர்கள் அடையாளம் காண ‘நார்தர்ன் சோல்’ என்று சொல்ல ஆரம்பித்தார். 1970இல் ப்ளூஸ் அண்ட் சோல் பத்திரிகையில் அவர் எழுதியதும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த அரங்குகளில் தட்டு ஓட்டும் டிஜேக்களுக்குள் கடும் போட்டி. தன்னிடம் மட்டும் இருக்கும் தட்டு என்னவென்று அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது என்று லேபிள்மேல் தாளை ஒட்டி, பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றிச் சொல்வார்கள். இதற்கு ‘கவர்-அப்’ என்று பெயர். ஆயிரம் பேர் வாங்கத் துடிக்கும் பாட்டு, நாட்டில் இருப்பதோ ஒன்றிரண்டு தட்டு. அங்கேதான் பூட்லெக் என்ற திருட்டு அச்சு புகுந்தது. அசல் தட்டு ஒன்றை ஓடவிட்டு, அதிலிருந்தே பதிவு செய்து, புதிதாக அச்சடித்து, பவுண்டுக் கணக்கில் விற்றார்கள். அந்தத் தட்டுகளுக்கும் இப்போது ஐம்பது வயது. லேபிள் பழுப்பேறி, உறை கிழிந்து, பார்த்தால் அசல் போலவே இருக்கும். உங்கள் பெட்டி லிவர்பூல் பெட்டி என்பதால் இது முக்கியம். அதில் இரண்டு வகையும் கலந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, வளையத்தில் என்ன தேட வேண்டும்? மேட்ரிக்ஸ் எண் இயந்திரத்தால் அச்சுக் குத்தியதா, கையால் கீறியதா என்பதை முதலில் பாருங்கள். அசலில் குத்தியிருந்து உங்களுடையதில் கோணல்மாணலாகக் கீறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் ‘கீறல் என்றால் போலி’ என்று ஒரு சூத்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அது தவறு. எத்தனையோ அசல் தட்டுகளில் கையெழுத்துத்தான் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட தட்டின் அசலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுவதுதான் சரியான வழி. டிஸ்காக்ஸ், 45கேட் தளங்களில் பலர் ரன்-அவுட் எழுத்துகளை எழுதியும் படம் எடுத்தும் போட்டிருக்கிறார்கள்.

சில முத்திரைகள் ஊரையே சொல்லிவிடும். ஒரு சின்ன முக்கோணமும் அதையொட்டி ஓர் எண்ணும் இருந்தால் அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும் என்பதால் தட்டு எப்போது அச்சானது என்றுகூடக் கணிக்கலாம். ‘பெல் சவுண்ட்’ என்று குத்தியிருந்தால் அச்சடிப்பதற்கான மூலத்தட்டை (மாஸ்டர்) நியூயார்க்கில் வெட்டினார்கள் என்று அர்த்தம், பக்கத்திலேயே வெட்டிய பொறியாளரின் பெயரெழுத்து பொடியாகக் கீறியிருக்கும். தெற்கத்தி லேபிள்கள் பலவற்றில் ‘நாஷ்வில் மேட்ரிக்ஸ்’ முத்திரை இருக்கும். ஏ.ஆர்.பி. என்ற சுழித்த எழுத்து இருந்தால் மிச்சிகனில் ஓவோசோ என்ற ஊரின் ஆலை. டெட்ராய்ட்டின் பெரிய சோல் கம்பெனியான மோட்டவுனின் தட்டுகள் ஏராளமாக அங்கே அச்சாயின. அந்த ஆலை 1972இல் தீயில் போய்விட்டது. இப்படி ஒரு முத்திரை இருந்தால் நம்பிக்கை கூடும். இல்லாமல் போனாலே போலி என்று ஆகிவிடாது.

அடுத்தது தட்டு எதனால் ஆனது என்பது. எல்லாமே வினைல் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க 45களில் கணிசமான பங்கு ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். வினைலை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சூட்டோடு அழுத்துவார்கள், லேபிளும் அதோடு சேர்ந்து பதிந்துவிடும். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுவார்கள், லேபிளைப் பிறகு பசை போட்டு ஒட்டுவார்கள். அதனால்தான் பழைய ஸ்டைரீன் தட்டில் லேபிள் ஓரம் சிலசமயம் தூக்கிக்கொண்டு நிற்கும். நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள், வினைல் மந்தமாகச் சத்தம் போடும், ஸ்டைரீன் ‘டிக்’ என்று கணீரென்று கேட்கும். தயவுசெய்து வளைத்துப் பார்க்காதீர்கள், ஸ்டைரீன் விரிசல் விட்டுவிடும். அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று உறுதியாகத் தெரிந்த பாட்டு உங்கள் கையில் வினைலாக இருந்தால், கேள்வியே இல்லை, அது அசல் அல்ல.

நான் ஏமாந்த கதையைச் சொன்னால் இதெல்லாம் இன்னும் புரியும். நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ, ஒரு ரெக்கார்டு சந்தையில் சிகாகோ சின்ன லேபிள் ஒன்றின் தட்டை 180 பவுண்டு கொடுத்து வாங்கினேன். லேபிள் நிறம் சரி, அதில் அச்சிட்ட வெளியீட்டு எண் சரி, மேல்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. சந்தோஷமாகப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, லேபிளில் பாடகர் பெயரைப் பார் என்றார். எழுத்தின் ஓரம் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைந்திருந்தது. செய்தித்தாள் படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. அவரிடமிருந்த அதே லேபிளின் வேறொரு தட்டை எடுத்துக் காட்டினார். அதில் எழுத்துகள் இடைவெளி இல்லாமல் மை பிடித்துக் கூர்மையாக நின்றன, அச்செழுத்து காகிதத்தில் அழுந்திய தடம்கூட விரலுக்குத் தட்டுப்பட்டது. என்னுடையது லேபிளைப் போட்டோ எடுத்து அச்சடித்தது.

அப்புறம் தட்டை ஓடவிட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே படபடவென்று பொரியும் சத்தம். கண்ணாடி மாதிரிச் சுத்தமான தட்டில் அந்தச் சத்தம் எங்கிருந்து வரும்? அது என் தட்டின் தேய்மானமே இல்லை. எந்த அசலிலிருந்து பதிவு செய்தார்களோ அதன் தேய்மானம், பாட்டோடு சேர்ந்து இதிலும் ஏறிவிட்டது. விற்றவரிடம் திரும்பக் கேட்டேன், பணம் வரவில்லை. அன்றிலிருந்து நூறு பவுண்டுக்கு மேல் எதை வாங்கினாலும் ரன்-அவுட் படம் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை. படம் அனுப்ப யோசிக்கும் ஆளிடம் நான் வாங்குவதே இல்லை.

இனி விலை. அரிதாக இருந்தால் விலை அதிகம் என்பது பாதி உண்மைதான். நூறே தட்டு அச்சாகி, நூறையும் யாரும் தேடவில்லை என்றால் ஐந்து பவுண்டுக்குத்தான் போகும். ஆடும் கூட்டத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும், டிஜேக்கு அந்த அசல் தட்டு வேண்டும், அதுவும் எண்ணிச் சொல்லும்படி இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலை ஏறும்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ‘டூ ஐ லவ் யூ’. மோட்டவுனின் கிளை லேபிளான ‘சோல்’ வெளியிடுவதாக இருந்து, டெமோ என்ற முன்னோட்டத் தட்டுகளும் அச்சாயின. பாடுவதைவிடப் பாட்டுத் தயாரிப்பதே போதும் என்று வில்சன் முடிவு செய்ததால் வெளியீடு நின்றுபோய், டெமோக்களையும் அழித்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வெகுகாலம் இரண்டே தட்டுகள்தான் இருப்பதாகக் கருதப்பட்டது. 2009இல் ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது, 2020இல் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதாகச் செய்தி வந்தது. விகன் காலத்தில் இதே பாட்டு ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பொய்ப்பெயரில் பூட்லெக்காக வந்தது. 1979இல் டாம்லா மோட்டவுன் பிரிட்டனில் முறைப்படி வெளியிட்டது. உங்கள் பெட்டியில் இந்தப் பாட்டு இருந்தால் அநேகமாகப் பிந்திய இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். 1979 தட்டு நல்ல தட்டு, போட்டுக் கேளுங்கள், ஆனால் வீடு வாங்க முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் டேரல் பேங்க்ஸின் ‘ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்’. 1966இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் வந்து அமெரிக்காவில் நன்றாக ஓடிய பாட்டு, ஆகவே அமெரிக்கத் தட்டு சாதாரண விலைக்கே கிடைக்கும். பிரிட்டனில் ‘லண்டன்’ என்ற பெயருள்ள லேபிள் வெளியிடத் தயாரான நேரத்தில் உரிமை ஈ.எம்.ஐ. என்ற ரெக்கார்டு கம்பெனி கைக்குப் போய், ஸ்டேட்சைட் லேபிளில் வந்தது. லண்டன் லேபிளின் டெமோக்கள் சில வெளியே போயிருந்தன. விற்பனைக்கான தட்டு ஒன்றுகூட இல்லை என்றே சேகரிப்பவர்கள் நம்பியிருந்தார்கள். 2014இல் ஒன்று கிடைத்து, ஏலத்தில் 14,543 பவுண்டுக்குப் போனது. அதே குரல், அதே பதிவு, லேபிளும் நாடும் மட்டும் வேறு. அதனால் ‘இந்தப் பாட்டு என்ன விலை’ என்று தேடாதீர்கள், ‘இந்த எண், இந்த லேபிள், இந்த நாடு, டெமோவா விற்பனைத் தட்டா’ என்று தேடுங்கள்.

நிலை விஷயத்தில் அமெரிக்கர்கள் கோல்ட்மைன் பத்திரிகையின் தரவரிசையையும் பிரிட்டன்காரர்கள் ரெக்கார்டு கலெக்டர் பத்திரிகையின் தரவரிசையையும் பின்பற்றுகிறார்கள். கோல்ட்மைன் கணக்கில் ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்ட புதுசு) தட்டின் விலை நூறு என்றால் ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) ஐம்பது, ‘விஜி’ (வெரி குட்) இருபத்தைந்து. ‘குட்’ என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், பாட்டு ஓடும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். மிக அரிய தட்டுகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது, வேறு பிரதி கிடைக்காது என்னும்போது கீறலோடும் வாங்குவார்கள். ஸ்டைரீனைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாது, பளபளவென்று இருக்கும் தட்டும் தேய்ந்த ஊசியால் ஓட்டப்பட்டிருந்தால் இரையும். ஓடவிட்டுக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். லேபிளில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் கொஞ்சம் குறையும், ஆனால் அதை அழிக்கப் போய் லேபிளைக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

தளங்களில் ஒருவர் 600 பவுண்டு என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. உண்மையில் என்ன விலைக்குக் கை மாறியது என்பதை டிஸ்காக்ஸின் விற்பனை வரலாற்றிலும் பாப்சைக்கில் இருக்கும் பழைய ஏல முடிவுகளிலும் பாருங்கள். ஒரே ஒரு பெரிய விற்பனையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், கடைசி ஐந்தாறைப் பாருங்கள். எங்கோ ஒரு கிடங்கில் பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தால் முந்நூறு பவுண்டுத் தட்டு ஒரே மாதத்தில் முப்பதுக்கு வந்துவிடும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். எதையும் தண்ணீரில் கழுவ வேண்டாம், உறையில் விலை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் லேபிள் பெயர், வெளியீட்டு எண், இரண்டு பக்கத்து ரன்-அவுட் எழுத்துகள், குத்தியதா கீறியதா, வினைலா ஸ்டைரீனா என்று எழுதுங்கள். வெள்ளை லேபிளோ, விற்பனைக்கல்ல என்ற வாசகமோ இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வியாபாரியிடம் போகாதீர்கள், மொத்தமாக ஒரு விலை சொல்லி வாங்கிக்கொள்வார். பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பெரியவரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுகிறேன். இந்த மாதிரிப் பெட்டி என்றால் அவர் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்துவிடுவார்.