லிபரல் ஆர்ட்ஸ் படித்தால் என் இலக்குக்கு உதவுமா? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில், அதாவது ஒரு துறையை ஆழமாகவும் மற்றவற்றைப் பரவலாகவும் படிக்கும் கல்லூரியில், தத்துவம் நடத்திக்கொண்டும், எந்தப் பாடத்தை எடுப்பது என்று தெரியாமல் வந்து நிற்கும் மாணவர்களோடு உட்கார்ந்து யோசித்துக்கொண்டும் வெகுகாலம் ஓட்டியவள் நான். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம், லிபரல் ஆர்ட்ஸ் என்றால் இலக்கியம், வரலாறு, ஓவியம் இவைதானே? எனக்கு இயற்பியல்தான் உயிர். எனக்கு அங்கே என்ன வேலை? (பள்ளி இறுதி ஆண்டு மாணவி)

நிறைய வேலை இருக்கிறது. பெயரில் ஆர்ட்ஸ் இருப்பதால் வருகிற குழப்பம் இது. இடைக்கால ஐரோப்பாவில் இந்தப் பெயரில் இருந்தவை ஏழு பாடங்கள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று, அப்புறம் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று நான்கு. இசை என்றது பாடிப் பழகுவதைக்கூட இல்லை, சுரங்களுக்கு இடையே உள்ள விகிதக் கணக்கைத்தான். ஆக ஏழில் நான்கு கணக்கு சார்ந்தவை. (நம் ஆய கலைகள் அறுபத்து நான்கு வேறு பட்டியல், அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

இன்றைக்கும் இந்தக் கல்லூரிகளில் இயற்பியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கலாம். நாம் எழுதும் புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கிரேஸ் ஹாப்பர் 1928இல் வாசார் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில்தான் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் வாங்கினார். அமெரிக்க முறையில் நான்கு வருடத்துக்குச் சுமார் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேஜர், ஒரு பங்கு பல துறைகளிலும் பரவலாக எடுக்க வேண்டியது, மிச்சம் உங்கள் விருப்பம். கல்லூரிக்குக் கல்லூரி இந்த அளவு மாறும், பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

நான் டாக்டர் ஆக வேண்டும் என்பது சின்ன வயதிலேயே முடிவாகிவிட்டது. எதற்கு நாலு வருடம் சுற்றிவர வேண்டும்?

எந்த நாட்டில் படிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் மாதிரி பள்ளி முடித்ததும் நேராக மருத்துவத்தில் சேரும் முறை இருந்து, உங்களுக்கும் உறுதி இருந்தால் தாராளமாகப் போங்கள், யாரும் உங்களை இந்தப் பக்கம் இழுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பொதுவாக முதலில் ஒரு இளங்கலைப் பட்டம், அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை ஆய்வகத்தோடு முடித்திருந்தால், மேஜர் வரலாறாகக்கூட இருக்கலாம்.

ஆனால் "முடிவாகிவிட்டது" என்ற சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றேன். 2013இல் குவாட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 18 வயது முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்தார்கள். போன பத்து வருடத்தில் எவ்வளவு மாறியிருக்கிறீர்கள் என்று கேட்டால் நிறைய மாறிவிட்டோம் என்கிறார்கள், வருகிற பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்கிறார்கள். எல்லா வயதிலும் இதே கதைதான். நீங்கள் மாறித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலக்கை ஒரு பதவியின் பெயராக மட்டும் வைத்திருந்தால் அது மாறுகிறதா, ஆழமாகிறதா என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு மாணவி இப்படித்தான் வந்தாள். வெள்ளைத்தாளில் "டாக்டராகி மக்களுக்கு உதவ வேண்டும்" என்று எழுதியிருந்தாள். எந்த மக்கள், எதில் உதவி என்று கேட்டேன். காசநோய் என்றாள், தெரிந்தவர் ஒருவருக்கு வந்திருந்தது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மூன்றாவது மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறியதும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பேசப்பேச அவள் முதல் வரியை அடித்துவிட்டு, "குணமாகிக்கொண்டிருக்கும் ஒருவர் மருந்தை ஏன் நிறுத்துகிறார்?" என்று எழுதினாள். அந்த ஒரு வரி வந்ததும் பாடங்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. கிருமி மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறுவது எப்படி என்பதற்கு நுண்ணுயிரியல், நிறுத்துகிறவர்கள் யார் என்று பார்க்கப் புள்ளியியல், அவர்கள் வாயால் காரணத்தைக் கேட்க மானுடவியல், பழைய காசநோய் விடுதிகளைப் பற்றி ஒரு வரலாற்றுப் பாடம். டாக்டர் ஆகும் ஆசை அப்படியேதான் இருந்தது. எதற்காக ஆகிறோம் என்பது மட்டும் கையில் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இலக்கு என்று ஒன்றுமே இல்லை. லிபரல் ஆர்ட்ஸில் சேர்ந்தால் தானாகக் கிடைத்துவிடும் என்கிறார்களே?

தானாக எதுவும் கிடைக்காது தம்பி. கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவர்கள் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். காலை வகுப்பு இருக்கக் கூடாது, நண்பன் அதில் இருக்க வேண்டும், மதிப்பெண் தாராளமாகப் போடும் பேராசிரியராக இருக்க வேண்டும். நான்கு வருடம் இப்படிப் போனால் எல்லாவற்றிலும் முதல் படியோடு நின்றிருப்பீர்கள்.

அதற்காக அவசரப்பட்டு ஒரு இலக்கை ஒட்டவைத்துக்கொள்ளவும் வேண்டாம். எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் இலக்கு நிர்ணயிப்பதைப் பற்றி ஆராய்ந்தவர்கள். "முடிந்ததைச் செய்" என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்குதான் நல்ல பலன் தருகிறது என்பது அவர்கள் கண்டது, எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதிகம் பேசப்படாத மறுபக்கம் ஒன்று உண்டு. 1989இல் கான்ஃபர், ஆக்கர்மேன் என்ற இருவர் அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற ஒரு கணினிப் பணியைக் கொடுத்தார்கள். வேலையே பிடிபடாத ஆரம்பக் கட்டத்தில் 'இவ்வளவு புள்ளி எடு' என்று இலக்கு வைத்தால் அது கெடுதல் செய்தது. வேலை கொஞ்சம் கைவந்தபின் வைத்த இலக்குதான் உதவியது. கற்றுக்கொள்ள வேண்டிய கவனத்தைப் புள்ளி தின்றுவிடுகிறது.

நீங்கள் அந்த ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறீர்கள். அதனால் 'என்ன ஆகப்போகிறேன்' என்பதைத் தள்ளிவையுங்கள், 'இந்த செமஸ்டரில் எதைச் செய்யத் தெரிந்துகொள்ளப் போகிறேன்' என்று வையுங்கள். ஒரு அட்டவணையில் உள்ள எண்களைப் பார்த்துச் சந்தேகம் கேட்கத் தெரிய வேண்டும், பத்துப் பக்கக் கட்டுரையை இரண்டாம் முறை திருத்தி எழுதத் தெரிய வேண்டும், இந்த மாதிரி. செமஸ்டர் முடிந்ததும் எந்தப் பாடத்துக்கு, யாரும் சொல்லாமலே, கூடுதலாகப் படித்தீர்கள் என்று பாருங்கள். எது பிடிக்கும் என்று கேட்டால் பொய் சொல்லிவிடுவோம், எதில் நேரம் போனது என்பது பொய் சொல்லாது.

என் மகள் இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வேலை கிடைக்குமா, உள்ளதைச் சொல்லுங்கள். (ஒரு தந்தை)

முதல் வேலைக்கான பாதை பொறியியல், செவிலியர் படிப்பு போல நேராக இருக்காது ஐயா. அங்கே பட்டத்தின் பெயரிலேயே வேலையின் பெயர் இருக்கிறது. இங்கே உங்கள் மகளே "எனக்கு இன்னது தெரியும்" என்று எடுத்துச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் மூன்றாம் வருடம்வரை காத்திராமல் இரண்டாம் வருடத்திலேயே ஒரு இன்டர்ன்ஷிப், மேஜர் எதுவானாலும் கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங், கையில் காட்டும்படி நல்ல கட்டுரை ஒன்றிரண்டு, இவை இருக்க வேண்டும். பொறியியலும் வேண்டும் என்றால், அமெரிக்காவில் சில லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் என்று ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் தரும் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

கடன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். படித்து முடித்ததும் பெரிய கடன் தலைமேல் இருந்தால், தேடிப் பார்க்கும் சுதந்திரம்தான் முதலில் போகும், வருகிற முதல் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். அப்புறம் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கே அர்த்தமில்லை. உதவித்தொகை தருகிற சுமாரான கல்லூரி, கடன் வாங்கிப் போகும் பெரிய பெயரைவிட மேல் என்பது என் கட்சி.

கட்டாயப் பாடங்கள் என்று தலையில் கட்டுகிறார்களே, நேர விரயம்தானே?

இந்தச் சண்டைக்கு நூற்றைம்பது வயதாகிறது. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களைக் கழற்றிவிட்டு மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அடுத்து வந்த லோவெல், பிள்ளைகள் சிதறுகிறார்கள் என்று சொல்லி, ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று பல கல்லூரிகள் செய்வது கிட்டத்தட்ட இதுதான். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடத்தைத் தொடங்கியது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937இல் எல்லோருக்கும் ஒரே பெருநூல் பட்டியல் என்று மறுகோடிக்குப் போனது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் பொதுக் கட்டாயப் பாடங்களையே எடுத்துவிட்டது.

நான் லோவெல் பக்கம், கூடவே ஒரே ஒரு பொதுப் பாடம் வேண்டும் என்பேன், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டுமே. கட்டம் நிரப்புவதற்காக எடுக்கிற பாடம் வீண் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கட்டாயத்துக்குள்ளும் தேர்வு இருக்கும், உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதை எடுங்கள்.

ஏஐயே கட்டுரை எழுதித் தருகிறது. இனி எழுதப் பழகி என்ன பயன்?

கட்டுரையைப் பேராசிரியருக்குத் தேவை என்றா எழுதச் சொல்கிறோம்? எழுதும்போதுதான் நம் வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. அதை வெளியே கொடுத்துவிட்டால் ஓட்டை தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம். அது எழுதித் தந்ததைச் சரியா தப்பா என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

இப்படிப் படித்து இலக்கை மாற்றிக்கொண்ட பெரிய ஆட்கள் யாராவது?

பெரிய ஆட்களைக் காட்டி எந்தப் படிப்பையும் விற்கலாம், படிக்காமலே பெரிய ஆளானவர்களும் இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையோடு இரண்டு பேர்.

மார்ட்டின் லூதர் கிங் 15 வயதில், 1944இல் மோர்ஹவுஸ் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவம், சட்டம் என்று யோசித்தவர் சமூகவியலில் பட்டம் பெற்று, படிப்பு முடியும் தறுவாயில்தான் மதபோதகர் ஆவதென்று முடிவெடுத்தார்.

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது முதுநிலைப் படிப்புக்கு, ஆகவே இது நேரடி உதாரணம் இல்லை. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது. முதன்மைப் பாடம் பொருளியல். அதோடு நிற்காமல் வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் என்று எடுத்துத் தள்ளினார், தத்துவவாதி ஜான் டூயியின் வகுப்புகளிலும் உட்கார்ந்தார். சாதியின் தோற்றம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வுரை 1916இல் வாசிக்கப்பட்டது ஒரு மானுடவியல் கருத்தரங்கில். பொருளியல் வகுப்போடு திரும்பியிருந்தால் அந்த உரை வேறு மாதிரி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்லூரிக்குப் போக வழியில்லை. நானே புத்தகம் வாங்கிப் படித்தால் போதாதா அக்கா?

முக்கால்வாசி போதும். மிச்சக் கால்வாசிக்கு ஆள் வேண்டும். எங்கள் வகுப்பில் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், எல்லோர் முன்னாலும் ஒரே பக்கம். ஒருவன் அழகாக ஐந்து நிமிடம் பேசுவான், ஆசிரியர் அப்படி நினைக்கிறார், இப்படி நினைக்கிறார் என்று. எதிரே இருப்பவள் "எந்த வரியில்?" என்று மட்டும் கேட்பாள். அவன் பக்கத்தை மேலும் கீழும் தேடுவான், வரி இருக்காது. அவன் சொன்னது அவன் நினைப்பு, புத்தகத்தில் இல்லை. தனியாகப் படிக்கும்போது இதைக் கேட்க ஆளில்லை, எல்லாப் புத்தகமும் நாம் ஏற்கெனவே நம்புவதையே சொல்வதாகத் தோன்றும். மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவராவது அதில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் வாழ்க்கை இலக்கை எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிட்டு அப்புறம் மனம் மாறினால் பொய் சொன்னதாகிவிடாதா?

ஆகாது. அது ஒப்பந்தம் இல்லை. இரண்டாம் வருட முடிவில்தான் பெரும்பாலும் மேஜரையே அறிவிக்கச் சொல்கிறார்கள், அதுவரை மாறுவீர்கள் என்று அவர்களுக்கே தெரியும். படிக்கிறவர்கள் தேடுவது உங்களை எது உறுத்துகிறது, அதைப் பற்றி இதுவரை என்ன செய்தீர்கள் என்பதைத்தான். "சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரியை முதலில் வெட்டுங்கள். நீங்கள் பார்த்த ஒரு விஷயம், அதில் புரியாமல் நிற்கிற ஒரு கேள்வி, அதற்காகப் படித்ததோ போய்ப் பார்த்ததோ ஏதாவது ஒன்று, அந்தக் கல்லூரியில் அதற்கு உதவக்கூடிய இரண்டு பாடங்களின் பெயர், இவ்வளவு போதும். பாடங்களின் பெயரை அவர்களுடைய இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுங்கள், நிறுத்திப்போன பாடத்தை எழுதி அனுப்புகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.