மாவட்ட டார்டன்களின் நிறங்களுக்கு என்ன பொருள்? நூல் கணக்கை மட்டும் வைத்து நெய்ய முடியுமா?

டார்டன் என்பது ஸ்காட்லாந்து மரபில் வந்த கட்டம் போட்ட துணி. ஒரு குலத்துக்கு உரியது குல டார்டன், ஒரு ஊருக்கோ வட்டாரத்துக்கோ உரியது மாவட்ட டார்டன். எந்த நிறத்தில் எத்தனை நூல் என்ற வரிசைதான் நூல் கணக்கு. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: முடியும். டார்டனை டார்டனாக்குவது நிறங்களின் வரிசையும் ஒவ்வொன்றும் பிடிக்கும் அகலத்தின் விகிதமும். சாயம் எவ்வளவு அடர்த்தி என்பது அதற்கு அடுத்ததுதான். ஒரே டார்டன் கடைகளில் ‘மாடர்ன்’, ‘ஏன்ஷியண்ட்’, ‘வெதர்டு’ என்று பல சாயல்களில் கிடைப்பது இதனால்தான். மாடர்னில் நீலமும் பச்சையும் கருப்பை ஒட்டி இருண்டிருக்கும், ஏன்ஷியண்டில் வெளிறியிருக்கும், வெதர்டில் பச்சை பழுப்புக்கும் நீலம் சாம்பலுக்கும் போய்விடும். கணக்கு மாறாதவரை மூன்றும் ஒரே டார்டன்.

நிறங்களின் பொருள் விஷயத்தில் பழையதையும் புதியதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர், தீவுக்குத் தீவு கோடுகளின் அகலமும் நிறமும் மாறுவதால் ஆளைப் பார்த்ததுமே ஊரை ஊகித்துவிடலாம் என்று 1703இல் எழுதினார். அவர் சொன்னது ஊர் வழக்கத்தைத்தான். இந்த நிறம் இதைக் குறிக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் பேனக்பர்ன் ஊரில் இருந்த வில்சன் நெசவாலை, தான் விற்ற பல வடிவங்களுக்கு அபர்டீன் போன்ற ஊர்ப் பெயர்களை வைத்தது. அவற்றில் ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் தேடுவது வீண் வேலை.

20ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவை வேறு வகை. கனடாவின் நோவா ஸ்கோஷியா டார்டனை 1953இல் பெஸ்ஸி மர்ரே உருவாக்கினார். அதில் நீலம் கடல், வெள்ளை பாறையும் அலை நுரையும், பச்சைகள் காடு, பொன்னிறம் அரச சாசனம், சிவப்பு அந்த மாகாணச் சின்னத்தில் இருக்கும் சிங்கம். 1963இல் வந்த, இங்கிலாந்தின் கார்ன்வால் டார்டனில் கருப்பும் வெள்ளையும் அந்தப் பகுதியின் புனித பிரான் கொடியிலிருந்து வந்தவை.

எல்லாவற்றையும்விட எளிய மாவட்ட டார்டன், இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து மேய்ப்பர் கட்டம். கருப்பு, வெள்ளை, அவ்வளவுதான். முதன்முதலாக நெய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: 6 கருப்பு, 6 வெள்ளை என்று பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) மாற்றி மாற்றிப் போடுங்கள். அதையே 4–4 ஆகக் குறைத்தால் ட்வில் நெசவில் (ஊடை இரண்டிரண்டு பாவு நூலைத் தாண்டிச் சாய்ந்த கோடு விழும் நெசவு) கட்டத்தின் ஓரங்கள் பல் பல்லாக உடைந்து ‘ஹவுண்ட்ஸ்டூத்’ ஆகிவிடும். நூல் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு நூல் வித்தியாசமே போதும்.

இனி கணக்கைப் படிப்பது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டை இணையத்திலேயே தேடலாம். பழகுவதற்குச் சிறிய கணக்காக வாலஸை எடுத்துக்கொள்கிறேன் (அது குல டார்டன்; படிக்கும் முறை மாவட்ட டார்டனுக்கும் இதேதான்):

கே/4 ஆர்32 கே32 ஒய்/4

ஆங்கில எழுத்து நிறத்தையும் எண் நூல் எண்ணிக்கையையும் சொல்லும். ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள். ‘பி’ நீலத்துக்குப் போய்விட்டதால் கருப்புக்கு ‘கே’. சாய்கோடு இருக்கும் இரண்டும் திரும்புமுனைகள். அங்கே வரிசை கண்ணாடியில் தெரிவதுபோல் வந்த வழியே திரும்பும். ஆனால் அந்த முனை நூல்கள் ஒரு முறைதான் வரும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: முனையையும் இரட்டித்து மெல்லிய மஞ்சள் கோட்டை 8 நூலாக்கிவிடுகிறார்கள். சரியான முழுச் சுற்று: 4 கருப்பு, 32 சிவப்பு, 32 கருப்பு, 4 மஞ்சள், 32 கருப்பு, 32 சிவப்பு. மொத்தம் 136. சாய்கோடே இல்லாமல் புள்ளிகளோடு முடியும் கணக்கு என்றால் அது திரும்பாத வகை; முதலிலிருந்து அப்படியே மறுபடி தொடங்க வேண்டும்.

கழுத்துத் துண்டுக்கு இரண்டு சுற்று, கடைசியில் கூடுதலாக 4 கருப்பு: 276 நூல். அந்த 4 இல்லாவிட்டால் ஒரு ஓரம் கருப்பிலும் மறு ஓரம் சிவப்பிலும் நிற்கும். நூலை அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றி அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ட்வில்லுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. 36 சுற்று வந்தால் அங்குலத்துக்கு 24 நூல். அச்சில் (பாவு நூல்களைப் பிரித்து ஊடையை அடிக்கும் சீப்பு) அகலம் 11.5 அங்குலம். பாவு 2.5 மீட்டர் என்றால் கருப்பு 350, சிவப்பு 320, மஞ்சள் 20 மீட்டர். 1.8 மீட்டர் நெய்ய ஊடைக்கு இன்னும் சுமார் 550 மீட்டர், ஏறக்குறைய அதே விகிதத்தில்.

பாவு நூல்களை நான்கு விழுதுகளில் (நூல்களை உயர்த்தித் தாழ்த்தும் சட்டங்கள்) 1-2-3-4 என்று நேராகக் கோத்து, 1-2, 2-3, 3-4, 4-1 என்று மிதிக்க வேண்டும். நம் லுங்கிக் கட்டம் சாதா நெசவு என்பதால் இரு நிறம் சந்திக்கும் இடம் புள்ளிக் கலவையாகத் தெரியும். ட்வில்லில் அதே இடம் சாய்ந்த கீற்றுகளாகத் தெரியும். டார்டனின் அழகே அந்தக் கீற்றுகளில்தான் என்பேன். மூன்று நிறம் போட்டால் கண்ணுக்கு ஆறு தெரியும்: தூய நிறம் மூன்று, கலவை மூன்று.

ஊடையும் பாவின் வரிசையையே பின்பற்ற வேண்டும், அங்குலத்துக்கு அதே 24. அச்சால் அடிக்கும் அடி பலமானால் கட்டம் சப்பையாகும், லேசானால் நீளும். தறியில் பாவு இழுபட்டிருப்பதால் அங்கே கட்டம் ஒரு துளி நீளமாகத் தெரிய வேண்டும். இறக்கியதும் சுருங்கிச் சதுரமாகும். கணக்குகள் பெரும்பாலும் இரட்டைப்படையில் இருப்பதற்கும் காரணம் உண்டு: இரட்டை எண்ணில் முடித்தால் நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கருவி) தொடங்கிய ஓரத்துக்கே திரும்பும், அங்கேயே நிறம் மாற்றலாம். ட்வில்லில் ஓர நூல்கள் சில வரிசைகளில் பின்னாமல் தொங்கும். இருபுறமும் விழுதில் கோக்காத ஒரு தனி நூலை விட்டு, நாடாவை அதன் மேலாக நுழைத்துக் கீழாக வெளியே எடுத்தால் ஓரம் இறுகும்.

அகலத்தைக் குறைக்க வேண்டுமானால் பெரிய பட்டைகளை மட்டும் குறையுங்கள்: 32ஐ 24 ஆக்கினால் சுற்று 104க்கு இறங்கும், 4 நூல் கோடு அப்படியே இருக்கட்டும். அதை 2 ஆக்கினால் துண்டு துண்டான கீற்றாகத்தான் தெரியும். 1 ஆக்கினால் மஞ்சள் இன்னும் மெலிந்துவிடும்.

சிவப்பு நூலை நெய்வதற்கு முன்பே ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் அந்த நூலை மாற்றிவிடுங்கள். நெய்த பிறகு மஞ்சளில் ஏறிய சிவப்பை எடுக்க முடியாது. முடித்த கம்பளித் துணியை வெதுவெதுப்பான நீரில் மென் சோப்புடன் ஊறவைத்து, கசக்காமல் அழுத்திப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கசக்கினால் இழைகள் ஒட்டிச் சாய்வுக் கீற்றுகள் மங்கிவிடும்.