அறுபதுக்கு மேல் வாட்டர்கலர்: கேள்வி பதில்

பெரியவர்களுக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுப்பவன் நான். ஓய்வுக்குப் பிறகு தூரிகையைக் கையில் எடுத்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன், வயது 63. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒரு கோடு வரைந்ததில்லை. இனிமேல் வருமா சார்?

வரும் சார். தாகூர் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கியதே அறுபதைத் தாண்டித்தான். 1930இல் பாரிஸில் அவர் படங்கள் கண்காட்சிக்குப் போனபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் வசதியான குடும்பம், மகாகவி என்பீர்கள். சரி, மத்தியப் பிரதேசத்து ஜோதையா பாய் பைகாவைப் பாருங்கள். கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், கணவர் இறந்த பிறகு எழுபதை ஒட்டிய வயதில் வரைய ஆரம்பித்தார். 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார். விருது எல்லோருக்கும் வராது. ஆனால் கை பழகுவதற்கு வயது தடையில்லை என்பதை என் வகுப்பிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோலம் மட்டும்தான் தெரியும். அது இதற்கு உதவுமா?

அம்மா, 'மட்டும்' என்று சொல்லாதீர்கள். சிக்குக் கோலம் போடும்போது அளவுகோல் இல்லாமல் புள்ளிக்குப் புள்ளி இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கிறீர்கள். வளைவைத் தோளில் இருந்து முழுக்கையால் இழுக்கிறீர்கள். புதிதாக வருபவர்கள் பென்சிலை இறுக்கிப் பிடித்து, விரலை மட்டும் அசைத்து, ரப்பரால் அழித்து அழித்தே தாளைக் கெடுத்துவிடுவார்கள். கோலத்தில் ரப்பர் கிடையாதே! 12ஆம் நம்பர் உருண்டைத் தூரிகை ஒன்று வாங்குங்கள். நுனியை லேசாக வைத்து, நடுவில் அழுத்தி, மறுபடி தூக்கினால் ஒரே இழுப்பில் வேப்பிலை வந்துவிடும். முதல் வாரம் அதை மட்டும் போடுங்கள்.

வானம் வரைந்தால் காய்ந்ததும் காலிஃப்ளவர் மாதிரித் திட்டு விழுகிறது. கலர் மட்டமானதா?

கலரில் குறையில்லை. பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகையை வைத்திருக்கிறீர்கள். புதுத் தண்ணீர் பரவும்போது அங்கிருந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும், அதுதான் அந்தத் திட்டு. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு இருந்தால் தொடலாம். பளபளப்பு போய், புறங்கையை வைத்தால் சில்லென்று இருந்தால் தொடவே கூடாது, முழுக்கக் காயட்டும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் முந்திக் காயும், அதையும் கவனியுங்கள். அப்புறம், நல்ல தாளுக்குச் செலவு செய்யுங்கள்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), முழுப் பருத்தி. சார்ட் பேப்பர் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். கலருக்குச் சாதாரண கேம்லின் டியூப் போதும்.

விற்க முடியுமா என்று மகன் கேட்கிறான்.

முதல் இரண்டு வருடம் அந்தப் பேச்சே வேண்டாம். விலை மனதில் ஏறிவிட்டால், நன்றாக வரும் ஒரே படத்தையே திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. என் பழைய படங்கள் இப்போது ஒரேயடியாக நீலமாகத் தெரிகின்றன. திருத்தலாமா?

வேண்டாம் ஐயா. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது முழுதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஓவியர் மோனேவும் 1923இல், 82 வயதில், இதே ஆபரேஷனுக்குப் பிறகு நிறங்களோடு மல்லுக்கட்டினார். பழைய படங்களை அப்படியே விட்டுவிடுங்கள். இடது கண்ணும் முடிந்து டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்ததும், உங்கள் டியூப் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் தீட்டிப் பார்த்துவிட்டுப் புதுப் படம் தொடங்குங்கள்.