மானிட்டரைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தால்

புரோகிரசிவ் கண்ணாடியின் (ஒரே லென்ஸில் மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்கும் பவர் படிப்படியாக மாறுவது) பவரை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். மானிட்டரைப் பார்க்க மட்டும் முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது, தூரம் தெளிவு என்கிறீர்கள். அப்படியானால் லென்ஸ் கண்ணுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சென்னை வேர்வையில் ஃபிரேம் மூக்கில் வழுக்குவது சகஜம்.

1. மானிட்டரை நேராகப் பார்த்தபடி ஃபிரேமை விரலால் 2 மி.மீ. மேலே தள்ளுங்கள். எழுத்து தெளிந்தால் உயரம்தான் கோளாறு. கடையில் மூக்குப் பேடைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

2. தெளியவில்லையா? லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்தால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு சின்னக் குறிகள் மங்கலாகத் தெரியும். அவற்றை வைத்துக் கடைக்காரரைப் பொருத்துப்புள்ளியை (கண்ணுக்கு நேராக வர வேண்டிய லென்ஸ் குறி) மறுபடி வரையச் சொல்லுங்கள். அது கருவிழி நடுவில் விழ வேண்டும்.

லென்ஸின் பக்க ஓரங்களில் தெரியும் மங்கல் வேறு விஷயம், முழுதாகப் போகாது. மேலிருந்து கீழே பவர் ஏறும் வேகத்தைப் போல இருமடங்கு வேகத்தில் பக்கவாட்டில் சிதறல் (பார்வையை மங்கவைக்கும் அஸ்டிக்மாடிசம்) கூடும். உங்கள் 2.00 ஆடிஷன் (வாசிப்புக்காகக் கீழே கூடும் பவர்) 14 மி.மீ.க்குள் சீராக ஏறினால், நடுக்கோட்டிலிருந்து 3.5 மி.மீ. தள்ளியே சுமார் 1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) சிதறல் வந்துவிடும். பெரிய மானிட்டருக்குத் தலையைத்தான் திருப்ப வேண்டும்.

நாள் முழுக்க மானிட்டர்தான் என்றால் தனியாக ஆபீஸ் லென்ஸ் (மானிட்டர், வாசிப்பு தூரங்களுக்கு மட்டுமானது) நல்லது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஓ.எம்.ஆரில் வண்டி ஓட்டாதீர்கள். அப்புறம், ஒரு கண் மட்டும் மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ கடைக்குப் போகாமல் கண் டாக்டரைப் பாருங்கள்.