கழுமர மன்னனும் ரத்தக்காட்டேரியும்

டிராகுலா பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கே: டிராகுலா என்று நிஜமாகவே ஒருவர் இருந்தாரா? ரத்தம் குடித்தாரா?

ப: இருந்தான். குடித்ததாக அவனுடைய எதிரிகள்கூட எழுதவில்லை. அவன் மூன்றாம் விளாட், வலாக்கியாவின் ஆட்சியாளன். வலாக்கியா என்பது கார்பாத்திய மலைக்கும் டான்யூப் ஆற்றுக்கும் நடுவே, இன்றைய ருமேனியாவின் தென்பகுதி. அவன் அப்பா இரண்டாம் விளாடை 1431இல் ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்ட் 'டிராகன்' என்ற வீரர் அணியில் சேர்த்துக்கொண்டார். அதனால் அப்பாவுக்கு 'டிராகுல்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மகன் டிராகுலா ஆனான். பின்னாளில் கடிதங்களில் அவனே அந்தப் பெயரில் கையெழுத்திட்டிருக்கிறான். ஊரார் வைத்த வசைப்பெயர் அல்ல, குடும்பப் பெருமை. ரத்தம் என்று தேடினால் கிடைப்பது ஒரே ஒரு வரி. அவன் ரத்தத்தில் கை கழுவினான் என்று மைக்கேல் பெஹைம் என்ற ஜெர்மன் அரசவைப் பாடகர் பாடியிருக்கிறார். கழுவியதைக் குடித்ததாக மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

கே: எத்தனை ஆண்டுகள் ஆண்டான்?

ப: மூன்று தவணை. 1448இல் ஏறத்தாழ இரண்டு மாதம், 1456 முதல் 1462 வரை, 1476 கடைசியில் சில வாரம். நடுவில் வரும் ஆறு வருடம்தான் இத்தனை கதைகளுக்கும் முதல். புக்கரெஸ்ட் நகரத்தின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவதும் அந்தக் காலத்தில்தான், 1459 செப்டம்பர் 20 அன்று அவன் வெளியிட்ட ஆவணத்தில். கழுமரத்துக்கு வெளியேயும் அவனுக்கு வேலை இருந்திருக்கிறது.

கே: லட்சம் பேரைக் கழுவேற்றினான் என்கிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

ப: எண்ணைப் பார்ப்பதற்கு முன் எழுதியவன் யார், யாருக்காக எழுதினான், எப்போது எழுதினான் என்று பாருங்கள். விளாட் விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்.

அவன் கைப்பட வந்த கணக்கு ஒன்று உண்டு. 1462 பிப்ரவரி 11 அன்று ஹங்கேரி அரசர் மத்தியாஸ் கொர்வினஸுக்கு எழுதிய கடிதத்தில், டான்யூப் கரையோரம் ஓட்டோமான் துருக்கியர் பகுதியில் நடத்திய தாக்குதலில் 23,884 பேரைக் கொன்றதாகச் சொல்கிறான். வீட்டோடு எரிந்தவர்கள் தனி. சாட்சிக்கு வெட்டிய மூக்கும் காதும் மூட்டையாகப் போயின. ஆனால் இது அந்தத் தாக்குதலில் மாண்டவர்களின் தொகை, கழுவேறியவர்களின் தொகை அல்ல. அதோடு, உதவிப்படை கேட்டு எழுதிய கடிதம் இது. தொகையைக் குறைத்துச் சொல்ல அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது ஜெர்மன் துண்டுப் பிரசுரங்கள். வலாக்கியாவுக்கு வடக்கே இருக்கும் டிரான்சில்வேனியாவின் பிராஷோவ், சிபியு நகரங்களில் இருந்த சாக்சன் வணிகர்களுக்கும், அதாவது அங்கே குடியேறிய ஜெர்மானியர்களுக்கும், அவனுக்கும் தீராத பகை. அவர்களுடைய வணிகச் சலுகைகளை அவன் சுருக்கினான். அவனுடைய அரியணைக்குப் போட்டியாக நின்றவர்களுக்கு அவர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். பதிலுக்கு அவன் ஊர்களைக் கொளுத்தினான். இந்தக் கொடுமைகள் நடந்தவைதான்; எண்ணிக்கையில்தான் சந்தேகம்.

1462 கடைசியில் மத்தியாஸே அவனைச் சிறைபிடித்தார். சிலுவைப்போருக்கென்று போப் தரப்பிலிருந்து பணம் வந்திருந்தது; படையோ புறப்படவில்லை. கூட்டாளி துரோகி, ஓட்டோமான் சுல்தானுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினான் என்று காட்டினால் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தக் கடிதங்கள் போலி என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. விளாடின் கொடுமைக் கதைகள் ஐரோப்பிய அரசவைகளைச் சுற்றிவர ஆரம்பித்ததும் சரியாக அந்த நேரத்தில்தான்.

அச்சு இயந்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நியூரம்பர்க் 1488, பாம்பெர்க் 1491, ஸ்ட்ராஸ்பூர்க் 1500 என்று அவன் செத்த பிறகு பதிப்புகள் வரிசையாக வந்தன. கழுமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அவன் சாப்பிடும் அந்தப் பிரபலமான மரச்செதுக்குப் படம் ஸ்ட்ராஸ்பூர்க் பதிப்புடையது. திகில் நன்றாக விற்றது. ரஷ்ய மொழியில் உலவிய கதையில் ஏறக்குறைய இதே சம்பவங்கள் வருகின்றன, ஆனால் அங்கே அவன் கொடியவன், கூடவே திருட்டைப் பொறுக்காத நீதிமானும்கூட.

ஆகவே, ஒரு தரப்பில் மட்டும் சொல்லப்படுவதை ஓரமாக வையுங்கள். சுல்தானின் படையில் இருந்த கான்ஸ்டன்டின் மிகாய்லோவிச் என்ற செர்பிய வீரர் தன் நினைவுக் குறிப்பில் விளாடை அஞ்சத்தக்க எதிரியாகவே காட்டுகிறார். அவர் சாக்சன் வணிகருக்கு வேண்டியவர் அல்ல. கழுவேற்றினான், பெருமளவில் ஏற்றினான் என்பது உறுதி. லட்சம் என்பது நிற்காது. கழுவேற்றம் அவன் கண்டுபிடிப்பும் இல்லை. ஓட்டோமான்கள் உட்பட அக்கம்பக்கத்தில் பலரும் செய்ததுதான்.

கே: சுல்தானை இரவில் தாக்கிய கதை உண்மையா? ஏன் வெற்றி கிடைக்கவில்லை?

ப: உண்மை. 1462 ஜூன் 17 இரவு. இரண்டாம் மெகமதின் படை பல மடங்கு பெரியது; நேருக்கு நேர் நிற்க முடியாது. அதனால் விளாட் முதலில் பயிரைக் கொளுத்தினான், கிணறுகளைக் கெடுத்தான், மக்களையும் மாடுகளையும் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பினான். படை பசியிலும் தாகத்திலும் தளர்ந்தபின், சுல்தானையே கொல்லும் திட்டத்தோடு முகாமுக்குள் பாய்ந்தான். இருட்டில் போய்ச் சேர்ந்தது அமைச்சர்களின் கூடாரத்துக்கு. அதற்குள் காவற்படை விழித்துச் சுல்தானைச் சூழ்ந்துவிட்டது.

தலைநகர் தர்கோவிஷ்தே அருகே கழுமரத் தோப்பைக் கண்டு சுல்தான் திரும்பினார் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் சால்கோகொண்டிலஸ் சொல்வது. 20,000 பிணம் என்ற எண் அவருடையது. ஆனால் போகும்போது சுல்தான், விளாடின் தம்பி ராடுவை அங்கேயே விட்டுப்போனார். இருவரும் சிறுவயதில் ஓட்டோமான் அரசவையில் பிணையாக வளர்ந்தவர்கள். ராடு பிரபுக்களுக்குச் சமாதானமும் பழைய உரிமைகளும் தருவதாகச் சொன்னான். ஊரெல்லாம் கருகிக் கிடக்கையில் எந்தப் பக்கம் சாய்வார்கள்? விளாடின் ஆட்சி அங்கே முடிந்தது.

கே: நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கருக்கு இவன் எப்படிக் கிடைத்தான்?

ப: பெயர் மட்டும் கிடைத்தது. 1890இல் விட்பி நகர நூலகத்தில், வில்லியம் வில்கின்சன் 1820இல் வெளியிட்ட வலாக்கியா, மால்டாவியா பற்றிய நூலைப் படித்தார். அதன் அடிக்குறிப்பில் 'டிராகுலா' இருந்தது. அதுவரை நாயகனுக்கு 'கவுண்ட் வாம்பயர்' என்றுதான் பெயர் யோசித்திருந்தார். நாவல் 1897இல் வந்தது. அவருடைய கைக்குறிப்புகளில் விளாட் என்ற பெயரும் இல்லை, கழுமரமும் இல்லை. ருமேனியாவுக்கு அவர் போனதே இல்லை. இருவரையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட கருத்து உலகம் முழுக்கப் பரவியது 1972க்குப் பிறகு.

கே: அவன் கல்லறை எங்கே?

ப: ஸ்னாகோவ் ஏரித்தீவு மடம் என்பது செவிவழிச் செய்தி. 1930களில் தோண்டியபோது அங்கே அவன் கல்லறை என்று காட்டப்பட்ட பலகைக்குக் கீழே விலங்கு எலும்புகள்தான் இருந்தன. அவனே நிறுவிய கொமானா மடம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். தலையைத் தேட வேண்டாம். அது வெட்டப்பட்டு, சுல்தானின் தலைநகரான கான்ஸ்டன்டினோபிளுக்குப் போய்விட்டது.

கே: ருமேனியா போகிறோம். பிரான் கோட்டையைப் பார்த்தால் போதுமா?

ப: அழகான கோட்டை, தாராளமாகப் பாருங்கள். ஆனால் அது அவனுடையது அல்ல. 1377இல் கிடைத்த அரசாணையின்படி பிராஷோவ் சாக்சன்கள் கட்டியது, அதாவது அவன் எதிரிகள். 1920இல் ருமேனிய ராணி மேரிக்கு நகரம் பரிசளித்தது. நாவலில் வரும் கோட்டையும் அங்கே இல்லை; அது வடக்கே போர்கோ கணவாய்ப் பக்கம்.

அவன் உண்மையில் பயன்படுத்தியது ஆர்ஜெஷ் ஆற்றின் மேலே இருக்கும் போயெனாரி கோட்டை. 1,480 படி ஏற வேண்டும். 1888 நிலச்சரிவில் ஒரு பகுதி ஆற்றுப் பக்கம் சரிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது இடிந்த சுவர்கள்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் தர்கோவிஷ்தேக்குப் போகலாம். அரசவையின் இடிபாடுகளும் கிந்தியா கோபுரமும் சமதரையில் இருக்கின்றன. கோபுரத்தின் இன்றைய தோற்றம் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு தர்கோவிஷ்தேவுக்கு.